பச்சைக் கதவில் பூசாத இடம்

1

இந்தக் கதை எனக்கு வரி கட்டும் ஜன்னலில் கிடைத்தது. நிலவரி கட்டப் போயிருந்தேன். என் முறை வந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. ஜன்னலுக்குள் இருந்த பெண்மணி சும்மா இருக்க முடியாமல் பேச்சுக் கொடுத்தார்.

"அந்தக் காலத்துல இந்த வேலையெல்லாம் ஷெரீப்பே பார்த்துக்குவார். வீடு வீடா வந்து வாங்கிட்டுப் போவார். கோர்ட்டே கிடையாது இங்க. கதவு மட்டும்தான் இருந்துச்சு."

"கதவு மட்டுமா?"

"கதவு மட்டும். மத்ததெல்லாம் எரிஞ்சு போச்சு."

கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. ரசீதைத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர் பிளெட்சோ. இந்தக் கதையில் வரும் ஷெரீப்பின் பெயரும் பிளெட்சோதான். மேரிட் கவுண்டி என்கிற இந்த அமெரிக்க மாவட்டத்தில் என் தலை நரைத்துவிட்டது. இங்கே யார் எதைச் சொன்னாலும் முதலில் அவருடைய தாத்தா யார் என்று விசாரித்துக்கொள்ளும் குணம் எனக்கும் தொற்றிவிட்டது. மீதியைத் தீவனக் கடையிலும் சர்ச் வாசலிலும் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்தேன். சொன்ன ஒவ்வொருவருக்கும் பொய் சொல்ல ஒரு காரணம் இருந்தது.

எப்படித் தொடங்குவது?

"புழுதியைக் கிளப்பிக்கொண்டு குதிரையில் வந்து இறங்கிய ஷெரீப் எஸ்ரா பிளெட்சோ, இடுப்பில் கையை —" வேண்டாம். துப்பாக்கி எப்போது வெடிக்கும் என்று காத்திருப்பீர்கள். வெடிக்காது.

"எஸ்ரா பிளெட்சோ நல்லவர்." இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே ஒருவருக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறவனை நானே நம்பமாட்டேன்.

"கதவு திரும்பி வந்தபோது லவீனியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்." இது இருக்கட்டும். ஆனால் திரும்பி வருவதற்கு முன்னால் அது போக வேண்டுமே.

2

வரி பாக்கிக்காக ஒருவருடைய நிலத்தை ஏலம் விடுவதென்றால், மூன்று வாரம் முன்னதாக நீதிமன்றக் கதவில் அறிவிப்பு இருக்க வேண்டும். பிறகு மாதத்தின் முதல் செவ்வாயன்று அதே கதவின் முன்னால் நின்று ஷெரீப் ஏலம் கூற வேண்டும். சட்டம் இவ்வளவுதான். நீதிமன்றம் எரிந்துபோனால் வேறு ஊர்க்காரர்கள் வேறு கட்டடம் பார்த்திருப்பார்கள். மேரிட்காரர்கள் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டார்கள். சட்டம் கேட்பது கதவை, கதவு தப்பித்துவிட்டது, பிறகென்ன? அதைத் தூக்கிவந்து சிறைச்சாலைச் சுவரில் சாய்த்தார்கள். ஊர் ஊராகச் சுற்றி வரும் நீதிபதி அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வழக்குக் கேட்டார். "கதவுக்குப் போயிட்டு வரேன்" என்றால் கோர்ட்டுக்குப் போகிறார் என்று பொருள். பக்கத்திலேயே ஊர்க் கிணறு. தண்ணீர் எடுக்க வருகிற எல்லோரும் கதவில் இருப்பதைப் படித்துவிட்டு, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

சிறையின் முன்பாதி ஷெரீப் குடியிருக்கும் வீடு. கைதிகளுக்குச் சமைத்துப் போடுவது ஷெரீப்பின் மனைவி லவீனியாவின் பொறுப்பு. குதிரை திருடியவனும் கணவனும் ஒரே பானை மொச்சையைத்தான் சாப்பிட்டார்கள்.

ஒருநாள் கால்நடைக் கம்பெனியின் மேலாளர், பைக் என்பவர், குதிரை வண்டியோடு வந்தார்.

"வெயில்ல வெடிச்சுப்போய்க் கெடக்கு ஷெரீப். சர்க்கார் கதவு இப்படியா இருக்கிறது? பண்ணைக்குக் கொண்டுபோய்ப் பெயின்ட் அடிச்சுத் தரோம். செலவு நம்மளது."

எஸ்ரா தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னார். கதவு வண்டியில் ஏறியது.*

* இந்த இடத்தில் வாசகருக்குச் சந்தேகம் வரக் கூடாது, லவீனியாவுக்கு மட்டும் வர வேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன். நடக்கவில்லை. இலவசமாகப் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் கம்பெனியை நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

3

கதவு திரும்பி வந்தபோது லவீனியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போய் மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை. நல்ல பச்சை நிறம், பளபளவென்று இருந்தது. கம்பெனி ஆட்கள் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்கள். அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். கதவின் நடுவில், கண் உயரத்தில், ஒரு காகிதத்தின் அளவுக்குச் சதுரமாகப் பெயின்ட் படாத பழைய மரம். மூலைக்கொன்றாக ஆணி அடித்த ஓட்டை.

உள்ளே கைதி ஒருவன்தான் இருந்தான். ஜூபல் என்ற கம்பெனிக் கூலியாள். முந்தின நாள் சம்பளத்தைக் குடித்துவிட்டு ஒருவன் மூக்கை உடைத்தவன். அவன் நகக்கண்ணெல்லாம் பச்சை.

"கதவுக்குப் பெயின்ட் அடிச்சது நீதானா?" என்று லவீனியா கேட்டாள், தட்டைக் கம்பிக்குள் தள்ளிக்கொண்டே.

"ஆமாம்மா. நல்லாருக்கில்ல?"

"நடுவுல எதுக்கு விட்டே?"

"அங்க காகிதம் இருந்துச்சும்மா. முத்திரை போட்ட காகிதம். சர்க்கார் காகிதத்துல கை வெச்சா ஜெயிலுன்னாங்க. பயந்துபோய் அதச் சுத்தியே அடிச்சேன். ஜெயிலுக்குப் பயந்து வேலை செஞ்சு என்ன புண்ணியம், வந்து சேர்ந்துட்டேனே."

"என்ன காகிதம் அது?"

"படிக்கத் தெரிஞ்சா நான் ஏம்மா பெயின்ட் அடிக்கிறேன்? பைக் படிச்சார். படிச்சுட்டு, டச்சுக்காரன் ஊத்து இனிமே நம்மளதுன்னு சிரிச்சார். இன்னும் கொஞ்சம் மொச்சை இருக்கா?"

டச்சுக்காரன் என்று ஊர் சொல்வது ஓட்டோ க்ரீகேயை. அவர் ஜெர்மன்காரர். வந்த புதிதில் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். செம்மறி ஆடு வளர்த்துக் கம்பளி விற்கிறவர். கோடையிலும் வற்றாத ஊற்று அவர் நிலத்தில் இருக்கிறது. அவர் மனைவி மின்னாவும் லவீனியாவும் நெருக்கம். லவீனியாவின் குழந்தை பிறந்து இறந்த மாதம் முழுக்க மின்னாதான் தினமும் வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

[கடைசி வாக்கியம் நான் சேர்த்தது. லவீனியாவுக்கு ஒரு வலுவான காரணம் வேண்டுமே என்று. சேர்த்த பிறகு எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒருத்தி நியாயத்தின் பக்கம் நிற்பதற்கு ஒரு குழந்தையைச் சாகடிக்க வேண்டுமா? எடுத்துவிடுகிறேன். மின்னா திங்கட்கிழமைகளில் வெண்ணெய் கொண்டுவருவாள். அது போதும்.]

4

ஞாயிறு மாலைச் சாப்பாடு. மற்றவர்கள் எதிரில் லவீனியா அவரை மிஸ்டர் பிளெட்சோ என்றுதான் கூப்பிடுவாள். தனியாக இருக்கும்போது பெயரே சொல்வதில்லை. அவர் அவளை வினீ என்பார்.

"க்ரீகே வரி கட்டிட்டாரா?"

எஸ்ராவின் கரண்டி நின்றது. "எதுக்குக் கேக்கற?"

"நாளைக்கு மின்னா வருவா. முகத்தப் பார்த்துப் பேசணுமில்ல."

"வெண்ணெய்க்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்?"

"அவசரமில்ல, கம்பளி வித்ததும் குடுங்கன்னு நீங்கதான் அவர்கிட்ட சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"சொன்னேன். சட்டம் சொல்லலையே."

"அறிவிப்பு ஒட்டினீங்களா?"

"ஒட்டினேன். நானே கையால ஆணி அடிச்சேன்."

"எந்தக் கதவுல?"

"வினீ, கவுண்டிக்கு இருக்கறது ஒரே கதவு."

"அது எங்க இருந்துச்சு அப்போ?"

"சட்டம் அதக் கேக்கல. ஒட்டினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு வார்த்தை பொய்யில்ல அதுல."

அவள் ரொட்டியைப் பிட்டாள், சாப்பிடவில்லை. "காசு வாங்குனீங்களா?"

"ஒரு சென்ட் வாங்கல." அவர் குரல் இறங்கியது. "இந்த ஷெரீப் வேலைக்கு எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது யாரு, தெரியுமில்ல? பைக். அவர் கைய எடுத்துட்டா நாளைக்கே வேற ஷெரீப். இந்த அடுப்பு, இந்த மேசை, இந்தக் கூரை எதுவும் நம்மளது இல்ல. எங்க போவ நீ?"

அவர் காசு வாங்கவில்லை என்பதை அவள் நம்பினாள். நானும் நம்புகிறேன், அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. லஞ்சம் வாங்கியிருந்தால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக எழுதிக்கொண்டு போயிருப்பேன். ஒரு சென்ட் வாங்காமல், ஒரு பொய் சொல்லாமல், ஒரு குடும்பத்தின் தண்ணீரைப் பிடுங்க முடிகிறது இந்த மனிதரால். ஒவ்வொரு காகிதமும் சரியாக இருக்கிறது.

"யார்கிட்டயும் பேசாத," என்றார்.

"நான் யார்கிட்டப் பேசப்போறேன்?" என்றாள் லவீனியா.

இது வாக்குறுதி அல்ல. எஸ்ரா கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

5

விஷயம் சிறியது. க்ரீகேயிடம் கம்பளி விற்ற பணம் தயாராக இருக்கிறது. வருகிற செவ்வாய்தான் மாதத்தின் முதல் செவ்வாய்; அதற்குள் யாராவது அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்து கட்டிவிடுவார், ஏலம் நின்றுவிடும். சொன்னது லவீனியா என்று தெரிந்தால் அவள் வீடு போய்விடும். அந்த ஒரு வார்த்தையை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியாமல் நான் திண்டாடியதுதான் இந்தப் பகுதி.

முதலில் கோடரியைக் கொடுத்துப் பார்த்தேன். லவீனியா கதவைப் பிளந்து அடுப்பில் வைத்துச் சோள ரொட்டி சுடுகிறாள். கதவில்லை, அதனால் ஏலமில்லை. பெயின்ட் வாசம் அடிக்கிற ரொட்டியை ஜூபல் முகம் சுளித்துக்கொண்டே தின்கிற இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுதும்போது நானே சிரித்தேன். அப்போதே கிழித்திருக்க வேண்டும். ஊர் இன்னொரு கதவைக் கொண்டுவரும், அவ்வளவுதான்.

அடுத்து: "பொழுது புலர்வதற்குள் லவீனியா வண்டியைப் பூட்டி, க்ரீகேயின் பண்ணையை நோக்கி —" முடியாது. இந்தச் சமவெளியில் ஒரு வண்டி கிளம்பினால் அதன் புழுதியை வைத்தே யார் வீட்டு வண்டி என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்து: "ஏலம் கூற வாயைத் திறந்த எஸ்ராவின் நாக்கு எழவில்லை." சர்ச் நாடகத்துக்கு ஆகும். எஸ்ராவின் நாக்கு எல்லா நேரத்திலும் நன்றாகவே எழுந்தது.

ஆகவே திங்கட்கிழமை நடந்ததாக எல்லோரும் ஒத்துக்கொள்வதை மட்டும் சொல்கிறேன். காலையில் ஜூபல் விடுதலையானான். லவீனியா வழிக்கு ரொட்டி கட்டிக்கொடுத்தாள். அவன் போகும் பாதை க்ரீகேயின் ஊற்று வழியாகத்தான் போகும். மதியம் மின்னா வெண்ணெய் கொண்டுவந்தாள். இருவரும் அடுப்பங்கரையில் கொஞ்ச நேரம் இருந்தார்கள். சாயங்காலம் எஸ்ரா வரி வசூலுக்கென்று தனியாகக் குதிரையில் போனார். திரும்பி வந்தபோது பூட்ஸில் ஈரச் சேறு இருந்தது. அந்தக் கோடையில் ஈரம் இருந்த இடம் ஊரில் அதிகமில்லை.

யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. (கேட்டிருக்கலாம். எழுதுகிறவன் நான்தானே, அடுப்பங்கரைக்குள் நுழைய யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? வேண்டுமென்றேதான் வெளியில் நின்றேன். ஏன் என்று சொல்கிறேன்.)

6

செவ்வாய். கதவின் முன்னால் ஊர் கூடியிருந்தது. பைக் நீதிபதியின் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எஸ்ரா தொண்டையைச் செருமிக்கொண்டு, நிலத்தின் எல்லைகளைப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் கூட்டம் விலகியது. ஓட்டோ க்ரீகே ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். எஸ்ராவின் முன்னால் போட்டிருந்த மேசையில் பணத்தை இரண்டு குவியலாக வைத்தார்.

"இது வரி. இது அபராதம். எண்ணிப் பார்த்து ரசீது கொடுங்கள்."

எஸ்ரா எண்ணினார். சரியாக இருந்தது. ரசீது எழுதத் தொடங்கினார். அவருடைய கையெழுத்து வழக்கம்போல அழகாக இருந்தது.

லவீனியா காப்பிப் பானையோடு சமையலறை வாசலில் நின்றாள். மின்னாவின் கணவன் கையில் அந்த ரசீது போய்ச் சேரும்வரை அவள் மூச்சு விடவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. சந்தோஷப்பட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

பைக் எழுந்தார்.

"நல்லது டச்சுக்காரரே, நல்லது. ஊருக்குள்ள நீங்க வந்தே ஒரு மாசமாச்சு. இன்னிக்கு ஏலம்னு உங்களுக்குச் சொன்ன புண்ணியவான் யாரு?"

ஓட்டோ பொய் சொல்லத் தெரியாதவர். வாயைத் திறந்தார். எஸ்ரா பேனாவை வைத்தார், ஆனால் தலையைத் தூக்கவில்லை.

இங்கே நிறுத்துகிறேன்.

இதற்காகத்தான் அடுப்பங்கரைக்குள் போகாமல் இருந்தேன். நான் எழுதிவிட்டால் அதுவும் கையெழுத்துப் போட்ட காகிதமாகிவிடும், அதை பைக் படிப்பார். சொன்னது யார் என்று நீங்கள் சொல்லுங்கள். ஜூபல் என்றால் உங்களுக்குச் சுலபம், எப்படியும் ஜெயிலுக்குப் போகிறவன்தானே என்று தோன்றும். கம்பெனி ஆட்கள் அவனை ஜெயிலுக்கு அனுப்பமாட்டார்கள், வெளியிலேயே பார்த்துக்கொள்வார்கள். எஸ்ரா என்றால் கதை அழகாக முடியும், அந்த அழகின் மேல்தான் எனக்குச் சந்தேகம். லவீனியா என்றால், சொல்லிவிடு சொல்லிவிடு என்று மூன்றாம் பகுதியிலிருந்து அவளைத் தள்ளிக்கொண்டிருந்தது நீங்கள்தான். இன்றைக்கு அந்தச் சாப்பாட்டு மேசையில் எஸ்ராவின் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டியது அவள்.

ஓட்டோ பேசாமல் இருக்கட்டும் என்கிறீர்களா? அதையும் எழுதிப் பார்த்தேன். அவர் பேசாமல் நின்றார். பைக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தலையைத் திருப்பி, சமையலறை வாசலைப் பார்த்தார்.

என் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். அப்போது நீ பிறக்கவே இல்லை என்று சிரித்தார்.

அவர் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு பெயர் ஏதாவது உங்களிடம் இருந்தால் இப்போதே கொடுங்கள்.