உத்தரவு

குழியைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர்: பிள்ளையை நெஞ்சோடு ஏந்தியிருந்த உக்கிரபாண்டி, அவர் மகன் சுந்தரபாண்டி, ஆனைக்குட்டத்திலிருந்து விடியுமுன்னே சைக்கிள் மிதித்து வந்த தாய்மாமன் கண்ணுச்சாமி, பங்காளி மொக்கைச்சாமி, மண்வெட்டியோடு சங்கிலிமுத்து. பச்சைப் பிள்ளைக்குக் கொட்டும் கிடையாது, பாடையும் கிடையாது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள்.

ஒன்றே முக்கால் வயதுப் பெண், சுந்தரபாண்டியின் மகள். உக்கிரபாண்டியின் காலஞ்சென்ற மனைவி வீரலட்சுமியின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். மாமியார் பெயரை வாயால் சொல்லக்கூடாதென்று மருமகள் பஞ்சம்மாள் பாப்பா என்றே கூப்பிட்டாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் உரிமையுள்ளவர் உக்கிரபாண்டி ஒருவர்தான். அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"யாராச்சும் எறங்கி வாங்குங்க சாமி, வெயில் ஏறுது" என்றான் சங்கிலிமுத்து.

உக்கிரபாண்டியின் முழங்கால் குழிக்குள் இறங்க விடாது. மகனைப் பார்த்தார். சுந்தரபாண்டி இறங்கினான். இறங்கியவன் கையை நீட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"வாங்குலே."

தகப்பன் கண் முன்னால் தன் பிள்ளையைத் தூக்குகிறவன் அந்தக் குடும்பத்தில் பிறந்ததில்லை. உக்கிரபாண்டியும் தம் அய்யா இருந்தவரை சுந்தரபாண்டியைத் தொட்டதில்லை. அதை யாரும் சட்டமாகச் சொல்லி வைக்கவில்லை. பெரியவர் வந்தால் தோள்துண்டு இடுப்புக்கு இறங்குவதுபோல அதுவும் ஒரு மரியாதை.

அது தெரியாமல்தான் போன புரட்டாசியில் அந்தக் கிராம சேவிகா தவறு செய்தாள். ஆவுடைத்தாய் என்று பெயர், அம்பாசமுத்திரத்துக்காரி, பிள்ளைகளுக்கு எடை பார்க்கவும் பால் பவுடர் கரைத்துக் கொடுக்கவும் பிளாக் ஆபீஸ் அனுப்பியவள். சாவடி வேப்பமரத்தில் தராசைத் தொங்கவிட்டு, கூட்டத்துக்கு நடுவே சுந்தரபாண்டியைப் பார்த்து, "நீங்கதானே அப்பா? பிள்ளையத் தூக்கி வைங்க" என்றாள். உக்கிரபாண்டி நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார். மகனின் கை பாதி எழுந்து, அப்படியே இறங்கியது.

"தூக்குலே சுந்தரம், தாலாட்டும் பாடிரு!" என்றான் மொக்கைச்சாமி. சாவடியே சிரித்தது.

உக்கிரபாண்டி எழுந்து வீட்டுக்கு வந்தார். "அந்தப் பொம்பள நம்ம வாசப்படி தாண்டக்கூடாது. என் உத்தரவு இல்லாமப் புள்ள வெளிய போகக்கூடாது" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்து அவளே தேடி வந்து, களத்தில் நின்று, "எங்க பக்கம் இப்படி இல்லைங்கய்யா. தெரியாமச் செஞ்சிட்டேன். இனி எதுன்னாலும் ஒங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் செய்வேன்" என்றாள். அவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் நின்றவளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

"ஏலே, வாங்குன்னேன்."

சுந்தரபாண்டி கையை நீட்டினான். பழகிய கை. தலை சாயாதபடி முழங்கை மடிப்பில் வாங்கி, மறு கையால் கால்களைச் சேர்த்து, அரை நொடியில் தோளோடு அணைத்துக்கொண்டான். உக்கிரபாண்டி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் களத்துக்கும் தோட்டத்துக்கும் போன பொழுதெல்லாம் அந்த வீட்டில் பிள்ளை தகப்பன் தோளில்தான் இருந்திருக்கிறது. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் இறக்கி விட்டிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றியவுடன் வீடு அமைதியாகிவிடுவதை அவர் இத்தனை நாளும் ஒழுங்கு என்று நினைத்திருந்தார்.

மகன் பிள்ளையைக் கிடத்திவிட்டு ஏறியதும் உக்கிரபாண்டி மூன்று கை மண் போட்டார். மற்றதைச் சங்கிலிமுத்து தள்ளினான்.

திரும்பும் வழியில் கமலைக் கிணற்றில் குளித்தார்கள். ஈரத்துணியோடு வரப்பில் நின்றுகொண்டு கண்ணுச்சாமி பேச்சை எடுத்தான்.

"மாமா, தப்பா நெனைக்காதீக. தாய்மாமன், நான் கேக்கணும். புள்ள நேத்துப் பொளுதன்னைக்கும் கக்கிக் களிஞ்சிருக்கு. ஊருல ஒரு சேவிகா இருக்காளே, அவ என்ன செஞ்சா?"

"என்ன செஞ்சா? முகத்துக்கு மாவப் பூசிக்கிட்டு ஒக்காந்திருந்திருப்பா" என்றான் மொக்கைச்சாமி. "எட்டிக்கூடப் பாக்கலய்யா. ஊரே சொல்லுது. சம்பளத்துக்கு மட்டும் முந்தி நிப்பா."

"பஞ்சுகிட்டக் கேட்டேன். அவ வாயே தொறக்கல. அளுதுக்கிட்டே இருக்கா" என்றான் கண்ணுச்சாமி. "நான் பி.டி.ஓ.வுக்கு ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன். மொதக் கையெழுத்து நீங்க போடணும் மாமா. நீங்க போட்டா அடுத்த பஸ்ஸுல அவ அம்பாசமுத்திரந்தான்."

சுந்தரபாண்டி முதுகைக் காட்டியபடி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தான். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்த பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தான்.

நேற்று விடியுமுன் மிளகாய் வத்தல் மூட்டைகளோடு விருதுநகருக்கு வண்டி கட்டியபோதே பிள்ளை கக்கிக்கொண்டிருந்தது. "ஓமத்தண்ணி காய்ச்சிக் குடு" என்று சொல்லிவிட்டு உக்கிரபாண்டி ஏறிக்கொண்டார். மகனும் கூடப் போனான். விளக்கேற்றும் நேரத்துக்குத் திரும்பி வந்தால் வாசலில் ஆவுடைத்தாய் நிற்கிறாள். "அய்யா, உத்தரவு குடுங்க. இந்த வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவோம்" என்றாள். அவர் அவளைப் பார்க்காமல், "மொதல்ல மாட்ட அவுக்கட்டும்" என்றார். மாடு தண்ணீர் குடித்துத் தலையை எடுப்பதற்குள் உள்ளேயிருந்து பஞ்சம்மாளின் அலறல் வந்தது.

பிறகு, எல்லாரும் கூடுவதற்கு முன்னால், அந்தச் சேவிகா முன்னமே வந்தாளா என்று அவர் மருமகளிடம் கேட்டார். கதவு மறைவிலிருந்து அவள் சொன்னாள்: "காலையில ஒருக்க வந்துச்சு, உச்சியில ஒருக்க வந்துச்சு மாமா. நீங்க சொல்லியிருந்தீக." அவ்வளவுதான். கூடப் பிறந்தவனிடமும் அவள் சொல்லவில்லை என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. மகனும் சொல்ல மாட்டான். வீடே அவரைச் சுற்றி வாயை மூடிக்கொண்டு நின்றது. அவரும் பேசாமல் இருந்தால் போதும்.

பேசினால், கண்ணுச்சாமி இன்றைக்கே தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு போவான். போகாதே என்று சொல்ல எவருக்கும் வாய் இருக்காது. மொக்கைச்சாமி பொழுது சாய்வதற்குள் நாலு ஊர்ச் சாவடியில் சொல்லிவிடுவான்.

"என்ன மாமா, எழுதட்டுமா?"

உக்கிரபாண்டி ஈரத்துண்டை உதறித் தோளில் போட்டார். முதுகு எப்போதும்போல் நேராகத்தான் இருந்தது.

"அந்தம்மா வரலன்னு ஒனக்கு எவன் சொன்னான்?"

"ஊரே சொல்லுதே அண்ணாச்சி…" என்றான் மொக்கைச்சாமி.

"மூணு தடவ வந்தாக. நாந்தான் விடல."