நிலம் நீங்கலாக

எமிலியா அன்று காலை கேட்ட விலையை மாலை மூன்று மணிவரை திரும்பப் பெற முடியாது. ஒஸ்லோவில் வீடு வாங்குகிறவர்களுக்கு இது பாலபாடம். கேட்டால் கேட்டதுதான். அது தெரிந்துதான் கேட்டாள். தெரியாமல் போனது வேறொன்று.

வீடு பணக்காரர் வாழும் புரோக்னர் பகுதியில் இருந்தது. இரண்டு அறை, உயரமான கூரை, ஜன்னலுக்கு அப்பால் ஏதோ தூதரகத்தின் கொடி. வடகோடிப் பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டிக் கை மரத்துப்போன அருட்செல்வத்தின் மகளுக்கு, நகர ஓரத்து ரொம்மன் தொடர்மாடியில் வளர்ந்தவளுக்கு, அந்த முகவரியே தலைக்கேறிவிட்டது. பக்கத்துத் தெருவைவிட விலை ஏன் குறைவு என்று கேட்கத் தோன்றவில்லை. விளம்பரத்தில் 'குத்தகை நிலம்' என்று இரண்டு சொல் கிடந்தது. சும்மா போட்டிருக்கிறார்கள் என்று தாண்டிப் போய்விட்டாள். மருந்துக்கடையில் ஒரு மில்லிகிராம் பிசக விடாத படித்த பிள்ளை, இருபத்திரண்டு லட்சம் குரோனரை இந்த லட்சணத்தில்தான் கேட்டாள். அப்பாவுக்கும் சொன்னாள். பிறகு யாரோ கொஞ்சம் கூட்ட, இவள் விடாமல் இருபத்திரண்டரைக்குப் போனாள். அதை அப்பாவுக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான், மாதச் செலவு எவ்வளவு வரும் என்று கேட்க அந்தக் கட்டடத்தின் நிர்வாகக் குழுத் தலைவரை அழைத்தாள். வயதான மனிதர், ஒளிக்கத் தெரியாதவர்.

"கட்டடம்தான் நம்முடையது. கீழே உள்ள நிலம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். வருடா வருடம் நிலவாடகை கட்டுகிறோம். பழைய ஒப்பந்தம், அதனால் சொற்பம்தான். அடுத்த வருடம் அது முடிகிறது. பிறகு இன்றைய நில விலையைப் பார்த்துத்தான் வாடகை."

"எவ்வளவு கூடும்?"

"ஐந்து மடங்காகலாம், பத்து மடங்காகலாம். வக்கீல்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தானே எல்லோரும் விற்கிறார்கள்."

வங்கிக் கடன், பொதுச் செலவு, அதன்மேல் இதுவும் ஏறினால் சாப்பாட்டுக்கு அப்பாவிடம்தான் போய் நிற்க வேண்டும். தப்ப ஒரே வழிதான் இருந்தது. மூன்று மணிக்குள் வேறு யாராவது கூட்டிக் கேட்க வேண்டும்.

நிற்க முடியவில்லை, இருக்க முடியவில்லை. இருமல் மருந்து கேட்டவருக்குக் கண் மருந்தை எடுத்து நீட்டினாள். வீட்டில் அம்மா மக்டலீன் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, வீடு கிடைக்க வேண்டுமென்று மன்றாடிக்கொண்டிருப்பாள். மகளோ கடையின் பின்னறையில் நின்று அதே அந்தோனியாரிடம், கிடைக்கவே கூடாது என்று மன்றாடினாள். பாவம், அவரும் யாருக்கென்று கேட்பார்? இடையில் அப்பா இரண்டு தடவை அழைத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் எடுக்காமல் விட்டாள்.

மதியம் திரும்பியதும் வீட்டு முகவர் அழைத்தார். "ஒருவர் இருபத்துமூன்று கேட்கிறார். நீங்கள் கூட்டுகிறீர்களா?"

"இல்லை!" என்றாள். எமிலியாவுக்கு அந்த முகம் தெரியாத ஆளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அந்தச் சந்தோசத்தோடு அப்பாவின் அடுத்த அழைப்பை எடுத்தாள்.

"ஏன் பிள்ளை போன் எடுக்கேல்லை? நல்லகாலம், நான் வீடு விக்கிற மெக்லருக்குப் போன் அடிச்சுக் கேட்டனான். எவனோ ஒருத்தன் இருபத்திரண்டரை கேட்டுப்போட்டானாம். நீ இருபத்திரண்டு எல்லோ கேட்டனீ? நான் விடுவனே? என்ரை பேரிலை இருபத்திமூண்டு எண்டு சொல்லிப்போட்டன். ரொம்மன் வீட்டை ஈடு வைப்பம்."

"நீங்கள் ஆரெண்டு அவரிட்டைச் சொன்னனீங்களே?"

"பேர் சொன்னனான். வேறை என்னத்தைச் சொல்லுறது?"

அருட்செல்வம் சூசைப்பிள்ளை. எமிலியா அருட்செல்வம். தகப்பன் பெயரைப் பின்னால் போடும் நம் வழக்கம் அந்த நோர்வேக்காரருக்கு எங்கே தெரியும்? அவருக்கு இவர்கள் யாரோ இரண்டு தமிழர்.

"பிறகு எடுக்கிறன், அப்பா."

பேசாமல் இருந்தால் அவள் தப்பினாள். அகப்படுவது அப்பா, ரொம்மன் வீட்டோடு. அப்பாமேல் கோபம் கோபமாய் வந்தது, அழுகையும் வந்தது. முகவரை அழைத்து, இருபத்துமூன்றுக்கு மேல் பத்தாயிரம் என்றாள்.

"இப்போதுதானே வேண்டாம் என்றீர்கள்?"

"மனம் மாறிவிட்டது."

சிறிது நேரத்தில் அப்பா மூச்சு வாங்க மறுபடி போனில் வந்தார். "அந்த அறுவான் திரும்பவும் கூட்டிப்போட்டான், பிள்ளை! நான் இன்னும் ஒரு..."

"வேண்டாம், அப்பா! அந்த அறுவான் நான்தான். காலமை இருபத்திரண்டரை கேட்டதும் நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப, நிலம் எங்கடை இல்லையோ?"

"இல்லை அப்பா."

"தெரிஞ்சுகொண்டு ஏன் பிள்ளை திரும்பக் கேட்டனீ?"

"நீங்கள் கேட்டுப்போட்டியளே."

"கொம்மாட்டை மெழுகுதிரியை ஊதி நூக்கச் சொல்லுறன்" என்றார்.

அவர் போனை வைத்தாரோ இல்லையோ, அடுத்த அழைப்பு வந்துவிட்டது. முகவர்தான். "வாழ்த்துகள், எமிலியா" என்றார்.