இலக்கியா வாசிக்கும் பக்கம்

வெள்ளிக்கிழமையிலிருந்து படத்துப் பிள்ளை பக்கம் புரட்டவில்லை, இதை நாத்தனாரிடம் மட்டும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தபடியே அமுதவல்லி காபியை ஆற்றினாள்.

கூடத்துச் சுவரில் அவளுடைய மூத்த மகள் இலக்கியா படித்துக்கொண்டிருந்தாள். கடைப் பலகை எழுதும் சவரியப்பன் வரைந்த படம் அது. கன்னத்தில் முடி விழுந்ததுகூடத் தெரியாமல் புத்தகத்தில் குனிந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை. வரைந்த மறுவருடம் டவுன் பஸ்ஸில் ஏறிய இலக்கியா எந்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை. போலீஸ் தேடியது, சோழி போட்டுப் பார்த்தார்கள், பஸ்ஸைக்கூட விற்றுவிட்டார்கள். அந்த வாரமே படத்தில் முதல் பக்கம் புரண்டது. கீரனூருக்கு அதுவும் பழகிப்போயிற்று. சிலிண்டர் போட வருகிறவர், “பாப்பா இன்னும் முடிக்கலையாக்கா? பரீச்சைக்குக்கூட நான் இம்புட்டுப் படிக்கலை” என்று சொல்லிவிட்டுப் போவார். தக்காளி விலை ஏறி இறங்கியது, சின்னவள் ரஞ்சிதா நர்சிங் முடித்தாள், பக்கங்கள் புரண்டன. அந்தச் சரசரப்பு கேட்கும்போதெல்லாம், பிள்ளை எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்று அமுதவல்லி மூச்சு விட்டாள்.

இப்போது ரஞ்சிதாவுக்கு விராலிமலையில் வரன் அமைந்திருந்தது. செத்துப்போன மூத்தவளைக் கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிடாத வீட்டில் பெண்ணெடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். படையலுக்குப் புதுப் பாவாடை, மாலை, குங்குமச் சிமிழோடு நாத்தனார் செவந்தி வந்து இறங்கிவிட்டாள்.

“தம்பி ஒத்துக்கிட்டான், அமுதா. பெத்தவ கையால படத்துல ஒரு பொட்டு வச்சிட்டாப் போதும். இருக்கிறவ வாழணுமில்ல?”

தம்பி என்றது அமுதவல்லியின் கணவன் ஆத்மநாதனை. அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ரஞ்சிதா ஒன்றும் கேட்கவில்லை, அழவுமில்லை. அதுதான் அமுதவல்லிக்குத் தாங்கவில்லை. ஒரு பொட்டு. வைத்தால் சின்னவள் வாழப் போவாள். வைத்த கணமே பெரியவள் செத்தவளாகிவிடுவாள்.

செவந்தி படத்துக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை இடுக்கினாள். “போன வாரம் பாத்த அதே பக்கமாவுல்ல இருக்கு? நின்னுபோச்சாடி?”

எல்லோரும் அமுதவல்லியைத் திரும்பிப் பார்த்தார்கள். படத்தில் அசைவில்லை. ரஞ்சிதாவின் முகத்தைப் பார்க்காமல், நாத்தனார் கையில் திறந்திருந்த சிமிழை அமுதவல்லி வாங்கி மூடினாள்.

“நான் வைக்க மாட்டேன், மதினி. பிடிச்ச பக்கம் வந்தா அவ அங்கனயே நிப்பா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”