யோகேஸ்வரியின் லோரி லைசென்ஸ்

விளம்பரத்தைப் பிரவீனாவுக்கு அனுப்பியதே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜொகூர் பாருவில் புதிதாகத் திறக்கும் பல் கிளினிக்கின் கவுண்ட்டருக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும். இன்று மாலையோடு கெடு முடிகிறது. சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஒரு வேலைக்குத்தான் காத்திருந்தேன். பின்வீட்டுப் பிரவீனாவும் விண்ணப்பம் போடுகிறாள். இரண்டு பேருக்கும் கடிதம் எழுதுவது என் வீட்டுக்காரர் ரூபேந்திரன். கெலாங் பாத்தாவில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க வேலைக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது அவர்தான்.

மதியம் பிரவீனா வந்து உட்கார்ந்தாள். அவர் கேட்ட கேள்விகள் இருக்கிறதே!

"கஸ்டமர் கத்துனா நீ என்னம்மா செய்வ?"

"முதல்ல கத்தி முடிக்கட்டும்னு விட்டுருவேன் அண்ணே. அப்புறம் தண்ணி குடுப்பேன்."

"அட! இதத்தான் எழுதணும்!"

அலமாக், அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் புதுச்சேலை கட்டி நின்றபோதுகூட அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை. எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கோபமாக வருகிறவர்களும் அவளுடைய கவுண்ட்டரிலிருந்து சிரித்துக்கொண்டுதான் போவார்களாம். கேட்கக் கேட்க எனக்கே அவளை வேலைக்கு எடுக்கத் தோன்றியது. பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது?

அவள் மைலோவைக் குடித்துவிட்டு, "தேங்க்ஸ் அண்ணே, வரேன்க்கா" என்று போனதும் எனக்காக முந்தின நாளே அவர் எழுதி வைத்திருந்த கடிதத்தைத் திறந்தேன். நான் கடினமாக உழைப்பவளாம். நேரத்துக்கு வருவேனாம். கனரக வாகனம் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருக்கிறேனாம்! கீழே பெயர், யுகேந்திரன். அவர் தம்பிக்கு லோரி ஓட்டும் வேலைக்கு எழுதிய கடிதம். எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

"என்னாங்க இது?"

பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். "மாத்த மறந்துட்டேன் லா."

"அவகிட்ட அத்தன கேள்வி கேட்டீங்க. என்கிட்ட ஒன்னாச்சும் கேட்டீங்களா?"

"உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? கேக்க என்ன இருக்கு?"

"அப்ப சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்ன பொந்தியான் கிளினிக்குல நான் என்ன செஞ்சேன்?"

யோசித்தார். "கவுண்ட்டர்ல இருந்த."

"கவுண்ட்டர்ல பூச்சாடிகூடத்தான் இருந்துச்சு!"

பிரவீனா உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். "அவகிட்ட கேட்ட மாதிரி என்கிட்டயும் கேளுங்க."

மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். "அங்க மறக்க முடியாத மாதிரி ஏதாச்சும் நடந்துச்சா?"

நடந்தது. கூட்டம் நிரம்பி வழிந்த ஒரு நாளில் ஓர் அம்மா நம்பர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் மூலையில் இருந்தார். மடியில் குழந்தை, உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது. எல்லாரையும் தாண்டி அந்தக் குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வரிசையில் இருந்தவர்கள் கண்டபடி ஏசினார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

அவர் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. "இத ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொன்னேன். நீங்க உங்க புது காரப் பத்திப் பேசிட்டு இருந்தீங்க."

தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு பிரவீனாவிடம் கேட்டதைவிட அதிகமாகவே கேட்டார். நானும் விடாமல் சொன்னேன். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது, அந்தக் கடிதத்தில் இருந்தவளை எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அவளோடத விட நல்லாருக்கா?"

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு."

இந்த மனுஷன் திருந்தவே மாட்டார். மணி ஐந்தாகப் போகிறது. கடிதத்தின் அடியில் பெயர் போடும் இடம் காலியாக இருந்தது. அவர் விரலை அங்கே கொண்டுபோனார்.

கையைத் தட்டிவிட்டேன். "நகருங்க. என் பேர நானே போட்டுக்கிறேன்."