அத்தான் வைத்த பெயர்

வீட்டில் சின்னவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே திரிவாள் என்று அக்கா வைத்த பெயர். கணினியில் இசையமைக்கும் மென்பொருள் ஒன்றுக்கு அவள் ஒரு கூடுதல் தொகுப்பை எழுதி முடித்தபோது அதற்கும் ‘குருவி’ என்றே பெயர் வைத்தாள்.

அந்த மென்பொருள் சுரங்களைப் படிக்கட்டு மாதிரி தனித்தனியாகத்தான் வாசிக்கும். மனிதக் குரல் அப்படியா போகிறது? ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டல்லவா போகும். அந்த வழுக்கலைத்தான் குருவி சேர்த்துக் கொடுத்தது. சின்னவளுக்குப் பிழைப்பு, மருத்துவமனைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுவது. விடுமுறை நாட்களை எல்லாம் இது தின்றது. அக்கா பாத்திரம் கழுவியபடி பாடுவதை அவளுக்கே தெரியாமல் பதிவு செய்து, குரல் எங்கே ஏறுகிறது, எங்கே சறுக்குகிறது என்று அளந்து அளந்து எழுதினாள். முடிந்ததும் அக்கா வீட்டுக் கணினியில்தான் முதலில் போட்டுக் காட்டினாள்.

அத்தான் இசைக் கல்லூரியில் ஆசிரியர். ஹெட்போனைக் கழற்றாமல் வெகுநேரம் கேட்டார். “பரவாயில்லையே” என்றார்.

அடுத்த மாதம் அக்கா போன் செய்தாள். “அத்தான் காலேஜ் கம்ப்யூட்டர்ல எல்லாம் உன்னுதைப் போடணுமாம். என்னமோ மக்கர் பண்ணுதாம். கொஞ்சம் வந்துட்டுப் போடி.”

சின்னவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினாள்.

கணினி அறையில் ஏ.சி. ஒரு வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். “காலையிலேருந்து சிவப்பு சிவப்பா வருதும்மா. டைரக்டர் மேடம் இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாங்க.”

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே வரி: ‘குருவி கிடைக்கவில்லை.’ எப்படிக் கிடைக்கும்? கோப்புறையின் பெயர் ‘நாதவெளி’ என்று இருந்தது. உள்ளே முதல் கோப்பைத் திறந்தாள். எழுதியவர் என்ற இடத்தில் அத்தான் பெயர், பட்டங்களோடு.

“பேரை மாத்தினீங்களா அத்தான்?”

“குருவி கிருவின்னு வச்சா மேடம் முன்னாடி நல்லாவா இருக்கும்? ஒரு கெத்து வேணாமா?”

“எழுதினது யாருன்னும் மாத்தியிருக்கு.”

அவர் கழுத்தைச் சொறிந்தார். “அதுவா... வெளியாள் பேர் இருந்தா இங்க அனுமதி தர மாட்டாங்கம்மா. நமக்குள்ள என்ன? யார் பேர் இருந்தா என்ன?”

அவள் வராந்தாவுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா குறுக்கிட்டாள். “தெரியும்டி. சொன்னார்.”

“தெரிஞ்சுதான் வரச் சொன்னியா?”

“எல்லாருக்கும் சும்மாவே குடுக்கப்போறேன்னு நீதானே சொன்னே?”

“சும்மா குடுக்கறதும் பேரைத் தூக்கறதும் ஒண்ணாக்கா?”

அந்தப் பக்கம் குழாய் திறந்து மூடும் சத்தம். “துறைத்தலைவர் பதவிக்கு இவர் பேரும் அடிபடுது. அது கைநழுவிப் போச்சுன்னா அவர் மூஞ்சியை தினமும் பாக்கப் போறது நான். உனக்கென்ன, ஒத்தை ஆள். இன்னொண்ணு எழுதிக்குவே.”

ஒத்தை ஆள் என்ற சொல் சுருக்கென்று தைத்தது. அவள் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

கோப்புறைக்குப் பழைய பெயரை வைத்தால் போதும், எல்லாம் தானாக ஓடும். அல்லது ஒவ்வொரு கோப்பிலும் ‘குருவி’ என்று வரும் இடத்தையெல்லாம் தேடி மாற்ற வேண்டும். அத்தான் முகப்பை மட்டும் மாற்றியிருந்தார். உள்ளே அவருக்குக் கை போகவில்லை.

சின்னவள் தேடினாள், மாற்றினாள். ஒரு கோப்பின் நடுவில், தனக்கென்று எழுதிவைத்த குறிப்பு ஒன்று வந்தது: ‘இந்த இடம் அக்கா பாடுவது மாதிரியே வழுக்க வேண்டும்.’ நிரல் ஓடுவதற்கும் அந்த வரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அழித்தாள்.

சிவப்பு போயிற்று. ஒவ்வொரு கணினியாகப் போய்த் தொகுப்பைப் போட்டுவிட்டு வந்தாள்.

கல்லூரியின் இயக்குநர் மேடம் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். திறந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. “குரல் மாதிரியே இருக்கே! உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

“என் மனைவி பாடுறதைக் கேட்டுக் கேட்டுத்தான் மேடம்” என்றார் அத்தான்.

உள்ளே கை வைக்கத் தெரியாதவர், சின்னவள் அழித்த அந்த வரியை மட்டும் படித்திருக்கிறார்.

“இவங்க?”

“என் மச்சினிச்சி. கம்ப்யூட்டர் தெரியும். இன்ஸ்டால் பண்ண ஒத்தாசைக்கு வந்திருக்கா.”

மேடம் அவளைப் பார்த்துச் சிரித்தார். “சிரமம் பாக்காம வந்தீங்களே, தேங்க்ஸ்.”

சின்னவளும் சிரித்தாள். அன்று சிரித்ததற்காகத் தன்னையே அவள் ரொம்ப நாள் திட்டிக்கொண்டாள்.

அத்தான் துறைத்தலைவர் ஆனார். தனி அறை கிடைத்ததை அக்கா போட்டோ எடுத்து அனுப்பினாள். சில மாதங்கள் கழித்துத் திரும்பவும் போன் வந்தது.

“மென்பொருள் புதுசா மாறிடுச்சாம். அது இப்ப ஓட மாட்டேங்குதாம். பசங்க கேள்வி மேல கேள்வி கேக்கறாங்கன்னு அத்தான் தலையைப் பிச்சுக்கறார்.”

“எழுதினவரையே சரிபண்ணச் சொல்லு.”

“குத்திக் காட்டறியா?”

“இல்லக்கா. பேர் போட்டிருக்கே, அவரைத்தான் சொல்றேன்.”

“நீ இவ்வளவு கல்நெஞ்சக்காரின்னு எனக்குத் தெரியாமப் போச்சு” என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டதாக ஒரு மணி நேரம் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. கல்லூரிக்காரர்கள் வெளியிலிருந்து யாரையோ வைத்துச் சரிபண்ணிக்கொண்டார்கள். அத்தான் பெயர் அப்படியே இருந்தது. அக்காவிடமிருந்து மட்டும் அதற்குப் பிறகு போனே வரவில்லை.

சித்தப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். ஒதுங்க இடமில்லை.

“சாப்பிட்டியா?” என்றாள் அக்கா.

“ஆச்சு” என்றாள் சின்னவள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

அக்கா தலையாட்டிவிட்டு, லிஃப்ட் வரும்வரை அதன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.