‘வீடுதிரும்பு’ என்ற சொல்லின் மூன்றாவது இடம்

1

இந்தக் கதை ஓர் அகராதிச் சண்டையில் பிறந்தது. லோஜ்பன், தர்க்கம் பிசகக்கூடாதென்று சிலர் உட்கார்ந்து கட்டிய மொழி. அதில் இரு சொற்களை ஒட்டிப் புதுச்சொல் செய்தால், பொருளைக் கேட்பவரின் ஊகத்துக்கு விட முடியாது. யார், எங்கே, யாருடையது என ஒவ்வொன்றுக்கும் வரிசையாக இடம் ஒதுக்க வேண்டும். ‘வீடு’, ‘திரும்பு’ இரண்டையும் ஒட்டிய ஒருவரை இணையக் குழுவில் எல்லோரும் குடைந்துகொண்டிருந்தார்கள். அவரை நீடாமங்கலத்தில் குடியேற்றி, நஜ்மா என்று பெயர் வைத்தேன்.

2

ரயில்வே கேட் மூடியிருந்தது. வயலில் நாற்று... [வேண்டாம். வயலைக் காட்டி நேரம் கடத்துகிறேன்.]

2006. நஜ்மா கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறவள். கணவன் அப்சர், விடுப்பு முடிந்து முந்தின நாள்தான் சார்ஜாவுக்கு விமானம் ஏறியிருந்தான். வகுப்பு முடிந்து அவள் குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தாள்: முதல் இடம், திரும்புகிறவர். இரண்டாவது, வீடு. மூன்றாவது, அந்த வீட்டில் வாழ்பவர்.

‘திரும்புகிறவரும் வாழ்பவரும் ஒரே ஆளா?’ என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

‘ஒரே ஆள்தான், இதிலென்ன சந்தேகம்’ என்று அவள் தட்டி முடிப்பதற்குள் செல்போன் அடித்தது.

“வீட்டுக்கு வந்து சேந்துட்டேன், நஜ்மா.”

விரல்கள் நின்றன.

“எந்த வீட்டுக்கு?”

3

(இங்கே அப்சருக்குப் பின்னால் ஒரு பெண்குரலைக் கேட்கவைத்தேன். கதை சுலபமாக ஓடியது, அதனாலேயே அடித்துவிட்டேன். அவன் அப்படிப்பட்டவனல்ல.)

“ரூமுக்குத்தான். வாய் தவறி வந்துருச்சு.”

“இங்க வந்து இறங்குனப்ப ‘ஊருக்கு வந்துட்டேன்’னுதானே சொன்னீங்க? ஒரு தடவகூட வீடுன்னு வாய் தவறலையே?”



“அது மாமி உனக்குச் சீதனமாக் கொடுத்த வீடு. என் கைலி எங்க இருக்குன்னுகூட உன்னத்தான் கேக்குறேன். நாப்பது நாள் விருந்து வைக்கிறீங்க, பெட்டி கட்டி அனுப்புறீங்க. நான் அங்க விருந்தாளிதான், நஜ்மா.”

அவளுக்குக் கோபம் வந்தது. அதற்கும் முன்னால் பயம் வந்துவிட்டது. தட்டியிருந்த வரியைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள்.

4

ஒரு முடிவு: அவள் அழுகிறாள். [எழுதிப் பார்த்தேன். நஜ்மா மசியவில்லை.]

இன்னொன்று: அப்சர் மன்னிப்புக் கேட்டு, அடுத்த விமானத்தில்... [சே.]

அவள் உண்மையில் சொன்னது இதுதான்:

“அப்ப நான் அங்க வர்றேன். விசா போடுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு வீடு பாருங்க.”

“மாமி ஒத்துக்குவாங்களா?”

“எங்க உம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க பதில் சொல்லுங்க.”

அந்தப் பதிலை எழுத எனக்குக் கை வரவில்லை. என்னிடம் இருப்பவை இரண்டே சொற்கள்: ‘சரி’, ‘பாக்கலாம்’. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் நிற்கிறாள். நீங்களே சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும்: ‘பாக்கலாம்’ என்றால் என்ன பொருளென்று அவளுக்குத் தெரியும்.