கழற்றச் சொன்ன ஷூ

பெற்ற மகளின் முகத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுவது எந்த அம்மாவுக்கும் புதிய வேலை இல்லை. ஆனால் அதைச் சம்பளத்துக்கு, காலை ஆறு மணிக்கு, பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு செய்ய வேண்டி வந்தது வாயாடியின் அம்மாவுக்கு மட்டும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் பதினொரு நிறுத்தங்கள் அவள் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு விளம்பரம். கண்ணாடியில் நுரை பூசி, ரப்பர் பட்டையால் மேலிருந்து கீழே இழுத்தால் பளிச்சென்று ஆகிவிடும். அதுவரைக்கும் அந்தப் பெட்டிகளில் பற்பசை சிரித்தது, செல்போன் சிரித்தது, காப்பீட்டுக் குடும்பம் ஒன்று கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை நுரையை இழுத்தபோது உள்ளே அழுதுகொண்டு நின்றது அவள் பெற்ற பெண்.

சேற்றில் வெறுங்காலோடு நின்றாள். கன்னத்தில் கண்ணீர். கீழே கொட்டை எழுத்தில், 'இந்தக் கால்களுக்கு யார் துணை?' அதற்கும் கீழே அந்த ஊர்க் கிறிஸ்தவ சபையின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

தண்ணீர் வேனை ஓட்டி வந்தவர் இறங்கி வந்து பார்த்தார்.

"தங்கச்சி, இது நம்ம வாயாடி இல்ல?"

"ஆமாண்ணே."

"ஷூ எங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

ஏனென்றால் வாயாடிக்கு ஷூ இருந்தது. கறுப்பு ஷூ, சிமென்ட் தரையில் நடந்தால் டக் டக் என்று கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே வீட்டு மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்குவாள். அதைக் கொடுத்ததே சபைதான்.

சபையின் ஜெபக் கூடத்துக்கு அடியில் நீளமான ஓர் அறை உண்டு. பள்ளி விட்டதும் நாலு மணிக்குக் கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே சாப்பாடு, வீட்டுப்பாடம், வாரம் ஒரு மளிகைப் பை. சபையார் அதற்கு வைத்த பெயர் ஒரு முழ நீளம். படியிறங்கிப் போக வேண்டியிருந்ததால் பிள்ளைகள் கீழ்வீடு என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் லாரி கவிழ்ந்து வாயாடியின் அப்பா போனபோது, சொந்தக்காரர்கள் வந்த சுவடு தெரியாமல் நழுவிய பிறகு, மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டியவர்கள் கீழ்வீட்டுக்காரர்கள். அவள் அதை மறக்கவில்லை. நன்றி கெட்டவள் என்று அவளை எதிரிகூடச் சொல்ல முடியாது.

அதனால்தான் எட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினாள். அழுக்கோடு விடவும் மனம் வரவில்லை, துடைத்துப் பளிச்சென்று ஊருக்குக் காட்டவும் மனம் வரவில்லை.

நாலாவது நிறுத்தம் பள்ளிக்கூட வாசலிலேயே இருந்தது. இது யார் மூளையில் உதித்தது என்று தெரியவில்லை. பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தின் எதிரிலேயே பிள்ளையின் அழுகையைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்க, நல்லது செய்கிறோம் என்ற அவசரத்தில் இருப்பவர்களால்தான் முடியும்.

வாயாடி அந்தப் பெயரைச் சும்மா வாங்கவில்லை. பல் துலக்கும்போதுகூட வாய் நிறைய நுரையோடு கதை சொல்லுகிறவள் அவள். அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். மறுநாள் யாரோ அவள் பெஞ்சின்மேல் ஒரு ஜோடி அறுந்த செருப்பை வைத்திருந்தார்கள். வியாழக்கிழமையிலிருந்து அவள் பள்ளிக்கும் போகவில்லை, கீழ்வீட்டுக்கும் போகவில்லை. பத்து வயதுப் பெண் வாயை மூடிக்கொண்டால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்று அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கெஞ்சினாள், திட்டினாள், மடியில் போட்டுக்கொண்டாள். எட்டாம் நாள் சாயங்காலம்தான் குழந்தை சுவரைப் பார்த்தபடியே முணுமுணுத்தது.

"ஷூவைக் கழட்டச் சொன்னாங்க. வெளிய குழாயடியில நிக்கச் சொன்னாங்க. நான் சிரிச்சேன். சிரிக்காதன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறமும் சிரிப்பு வந்துச்சு. உங்கப்பாவை நெனச்சுக்கோன்னாங்க."

அவ்வளவுதான். வாயாடியின் அம்மாவுக்குக் கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. அப்படி ஒரு கோபம் தனக்குள் இருப்பது அவளுக்கே தெரியாது.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை காலை, முதல் நிறுத்தத்தில் வாளியைக் கீழே வைத்தாள். உட்பக்கம் துடைக்க அவளிடம் ஒரு சாவி உண்டு. பெட்டியைத் திறந்தாள். படத்தைக் கிழிக்கவில்லை. நான்கு மூலையிலும் கவ்வியிருந்த பிடிகளை விடுவித்து, கசங்காமல் சுருட்டி, வேனில் வைத்தாள்.

வேன்காரர் பதறிப் போனார். "தங்கச்சி, வேலைக்கு உலை வச்சுக்காத. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா ஆடிடுவாரு. சபைக்காரங்களும் மளிகையை நிறுத்திட்டா?"

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்னண்ணே, முழம் என்ன? வண்டியை எடுங்க."

பதினொரு பெட்டியையும் காலி செய்து, காலிப் பெட்டியையும் உள்ளும் புறமும் துடைத்துவிட்டுத்தான் போனாள். வேலையில் குறை சொல்ல விடுவாளா என்ன? நாலாவது நிறுத்தத்துச் சுருளைக் கடைசிவரை வேன்காரரே மடியில் வைத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு மேஸ்திரி போனில் கத்தினார். கத்தி முடித்ததும் மூச்சு வாங்க, அவரே வழியும் சொன்னார். "படம் போட்டவங்களே எடுத்துடுங்கன்னு லெட்டர் குடுத்தா எனக்கென்னம்மா போச்சு? அஞ்சு மணிக்குள்ள லெட்டர் வேணும். இல்ல, படம் உள்ள போகணும். ரெண்டும் இல்லன்னா சாவியைக் குடுத்துட்டுப் போய்டு."

புதன்கிழமை மூன்று மணிக்குக் கீழ்வீட்டில் குழுக் கூட்டம் நடக்கும். போதகர், செயலாளர், இன்னும் மூன்று பேர் டீ டம்ளரோடு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வாயாடியின் அம்மா வேலைச் சட்டையோடு, இரண்டு கை நிறையச் சுருள்களோடு படியிறங்கி வந்தாள். வணக்கம் சொன்னாள். பிறகு ஒவ்வொன்றாகத் தரையில் விரிக்க ஆரம்பித்தாள். ஏழாவது விரிந்தபோது செயலாளர் கால் வைக்க இடமில்லாமல் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். பதினொன்றும் விரிந்தபோது அந்த அறை முழுக்க ஒரே குழந்தை அழுதது.

"என்னம்மா இது? யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்றார் செயலாளர்.

"நீங்க யாரைக் கேட்டுப் போட்டீங்க சார்?"

"சேர்க்கும்போதே நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. போட்டோ எடுக்கலாம்னு பாரத்துல இருக்கு."

"போட்டோவுக்குப் போட்டேன் சார். பொய்க்குப் போடல. ஷூ போட்டிருந்த பொண்ணை ஷூ இல்லாதவளாக்கி நிக்க வச்சிருக்கீங்க. அந்த ஷூவே நீங்க குடுத்தது."

செயலாளர் கெட்டவர் இல்லை. மளிகை மூட்டைகளை ஆள் வைக்காமல் தன் முதுகிலேயே சுமந்து இறக்குகிறவர். வாய்தான் கொஞ்சம் நீளம். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்தப் படம் வந்த ஒம்பது நாள்ல நாப்பது பிள்ளைங்களுக்கு ஷூ வந்திருக்கு, தெரியுமா? உங்க பொண்ணு ரெண்டு நிமிஷம் அழுததுல நாப்பது பேர் காலுக்கு வழி பொறந்திருக்கு. தானம் வாங்கின மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமாம்மா?"

சும்மா தள்ளிவிடக்கூடிய பேச்சில்லை இது. அந்த நாற்பது பிள்ளைகளையும் அவளுக்குத் தெரியும். பாதிப் பேர் அவள் தெருதான்.

"மாட்டுப் பல்லை நான் எதுக்கு சார் பாக்கறேன்? என் பொண்ணு பல்லைப் பாத்தே ஒம்பது நாளாச்சு. நாப்பது பேருக்கும் வேணும், இல்லங்கல. கேளுங்க. உள்ளதைச் சொல்லிக் கேளுங்க. எங்க வீட்டுல இல்லாததுக்கா பஞ்சம்? கூரை ஒழுகுது, வந்து படம் எடுங்க. பக்கத்துல நானே நிக்கறேன். ஆனா அப்பனை நெனச்சு அழுன்னு ஒரு கொழந்தைகிட்ட சொல்லி, அதைக் கண்ணாடிக்குள்ள போட்டு, என்னையே கழுவவும் வச்சீங்களே!"

போதகர் நிமிர்ந்தார். "அப்பாவையா?"

செயலாளரின் முகம் சிவந்தது. அந்தக் கூச்சத்தில்தான் வாய் தவறியது. "இவ்வளவு மனக்கஷ்டம்னா கீழ்வீட்டுக்கு வரவே வேண்டாமே. யாரும் கட்டாயப்படுத்தல."

இங்கேதான் எல்லோரும் ஒன்றை எதிர்பார்த்தார்கள். அந்த ஷூவைக் கொண்டுவந்து மூஞ்சியில் எறிந்துவிட்டு, ரோஷத்தோடு விருட்டென்று படியேறிப் போய்விடுவாள், பிரச்சினையும் அவளோடு படியேறிவிடும் என்று. வாயாடியின் அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வருவேன் சார். நானும் வருவேன், என் பொண்ணும் வருவா. ஷூவையும் திருப்பித் தர மாட்டேன், மளிகைப் பையையும் வேணாம்னு சொல்ல மாட்டேன். கீழ்வீடு கடவுளோட வீடுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அவரு வந்து போன்னு சொல்லட்டும், போறேன். அதுவரைக்கும் எனக்கு வேண்டியது ஒரு லெட்டர். அஞ்சு மணிக்குள்ள."

"குழு கூடி முடிவு பண்ணணும். அடுத்த வாரம் பாக்கலாம்."

அவள் செயலாளரை விட்டுவிட்டுப் போதகரைப் பார்த்தாள். அவர் தலைக்குப் பின்னால் சுவரில், பிள்ளைகள் தாங்களே பெயின்ட் அடித்த ஐந்து வரிகள் கோணல்மாணலாக இருந்தன. தினமும் நாலு மணிக்குப் பிள்ளைகள் நின்று அதைச் சொன்ன பிறகுதான் சாப்பாடு.

"ஐயா, எனக்குக் கண்ணு அவ்வளவா தெரியல. அந்த மொத வரியைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

அவளுக்குக் கண் கழுகுக் கண் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். போதகர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவருக்கு மனப்பாடம். 'நாங்கள் பொய் சொல்ல மாட்டோம்.'

"ஷூவைக் கழட்டச் சொன்னது யாரு?" என்று செயலாளரைக் கேட்டார்.

"போட்டோக்காரர்தான் ஐயா. நான்... பக்கத்துல இருந்தேன்."

"அப்பாவை நெனைக்கச் சொன்னது?"

செயலாளர் தலையைக் குனிந்தார். குனிந்த இடத்திலும் அந்தக் குழந்தைதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"நான்தான் சொன்னேன்" என்றார்.

"அந்த மனுஷனைக் குழியில வச்சு ஜெபம் பண்ணினது நான். இந்தக் கொழந்தை என் கையைப் புடிச்சுட்டு நின்னுச்சு" என்றார் போதகர். பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

குழுவில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "ஐயா, எதுக்கும் ஓட்டுக்கு விட்டுட்டு..."

"பொய் சொல்லலாமா வேண்டாமான்னா ஓட்டெடுக்கறது?"

கடிதம் நாலே வரி. படங்களை எடுத்துவிடுங்கள், தவறு எங்களுடையது என்று இருந்தது. வாயாடியின் அம்மா அதை இரண்டு தடவை படித்தாள், கண் தெரியாதவள் என்பதை மறந்து. வாசலில் காத்திருந்த வேன்காரரிடம் கொடுத்து மேஸ்திரியிடம் அனுப்பிவிட்டு, நேரே வீட்டுக்கு நடந்தாள். கட்டிலுக்கு அடியில் கைவிட்டு ஷூவை எடுத்து, தூசு தட்டி, மகள் முன்னால் வைத்தாள்.

"பதினொண்ணையும் எடுத்தாச்சு. கெளம்பு. சாப்பாடு ஆறிடும்."

குழந்தை அவளையே பார்த்தது. பிறகு எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டது. வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. பேருந்து நிறுத்தங்களில் மட்டும் நின்று, காலிக் கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துவிட்டு நடந்தது.

கீழ்வீட்டு வாசலில் ஒரு பலகை உண்டு. சேறு உள்ளே வரக்கூடாது என்று பிள்ளைகள் காலணியை அதில் விட்டுவிட்டுப் போவது வழக்கம். செயலாளர் எப்போதும்போல அங்கே நின்று வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். வாயாடியைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். பல வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"வா கண்ணு. ஷூவைக் கழட்டி..."

சொன்ன நாக்கை அவரே கடித்துக்கொண்டார்.

"மாட்டேன்."

படிக்கட்டு முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பின. ஒன்பது நாள் பூட்டிக் கிடந்த வாய் அது.

"கழட்ட மாட்டேன். தொடைச்சுட்டு வரேன்."

வேறு நாளாக இருந்தால் பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவாங்க என்று அம்மா மண்டையில் ஒரு குட்டு வைத்திருப்பாள். இன்று கையைக் கட்டிக்கொண்டு செயலாளரைப் பார்த்தாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

வாயாடி மிதியடியில் இடது காலைத் தேய்த்தாள், வலது காலைத் தேய்த்தாள். உள்ளே போனாள். அந்த நீள அறையின் ஓடு பதித்த தரையில் டக் டக் என்று கோடிவரைக்கும் நடந்தாள். பிறகு திரும்பி வந்து, இன்னொரு தடவை நடந்தாள்.